காரணி என்று ஒருத்தி

அந்தத் தண்ணீர் பாட்டில் முதலில் என்னுடையது. பள்ளிக்கூடத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போன ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பாட்டில். வார் அறுந்து போனதும் அதன் மேல் எனக்கிருந்த ஆசையும் போய்விட்டது. சித்தி அதை எடுத்துக் கழுவி, மூடி நழுவாமலிருக்க நூல் சுற்றி, தன் வேலைப் பையில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலிருந்து காலையில் கார்மென்ட்ஸ் வேலைக்குக் கிளம்பும் பெண்கள் கூட்டத்தில் சித்தியும் ஒருத்தி. அம்மா தினமும் அந்த பாட்டிலை நிரப்பிக் கொடுப்பாள். சித்தி தினமும் அதை நிறைந்தபடியே திருப்பிக் கொண்டுவருவாள். வாசலில் நின்றிருக்கும் என் கையில் பாட்டிலைத் திணித்து, "செடிக்கு ஊத்துடி" என்று சொல்லிவிட்டு, பேச நேரமில்லாதவளாக வீட்டுக்குப் பின்னாலிருந்த கக்கூசுக்கு ஓடுவாள். படியோரம் பெயின்ட் டப்பாவில் வளர்ந்த கறிவேப்பிலைச் செடிக்கு நான் அதை ஊற்றுவேன். செடிக்காகத்தான் சித்தி அவ்வளவு தூரம் தண்ணீரைச் சுமந்துகொண்டு போய் வருகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தில் எல்லார் வீட்டுச் செடியும் வாடியபோதும் எங்கள் செடி வாடாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகி, புடவைகளின் மடிப்புக் கலைவதற்குள் கணவரைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. நான் இருந்தேன், அது போதும் என்பாள். தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்று நான் கேட்டது கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். குடித்தால் போக வேண்டும், போனால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் அவள் வரிசை முழுவதும் நிற்கும். போவதற்கு ஒரு டோக்கன் உண்டு. அது சூப்பர்வைசரின் மேசை மேல் தொங்கும். ஒருத்தி கொண்டுபோயிருந்தால் அவள் திரும்பி வரும்வரை அடுத்தவள் காத்திருக்க வேண்டும். அவர் திட்டுவதைச் சித்தி அப்படியே நடித்துக் காட்டுவாள், கன்னடத்திலேயே. "எல்லிகம்மா ஹோகோது? டார்கெட் யாரு கொடோது, நின்ன கண்டனா?" எங்கே போகிறாய், டார்கெட்டை உன் புருஷனா கொடுப்பான் என்று, புருஷனில்லாதவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. அதையும் சிரித்துக்கொண்டுதான் நடித்துக் காட்டினாள். கூடவே சிரித்தேன்.

நான் சிறுநீர்ப்பையைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனதற்கும் சித்திக்கும் சம்பந்தமில்லை. படிப்பை முடித்து வேலை தேடிய சமயத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இடம் காலியாக இருந்தது, போனேன்; டாக்டர் பட்டத்துக்கும் அங்கேயே பதிவு செய்துகொண்டேன். அங்கே பார்த்துக்கொண்டிருந்தது சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் செல்களை. சந்தில் யாராவது என்ன படிக்கிறாள் உங்கள் பெண் என்று கேட்டால் அம்மா பட்டும் படாமல் "டாக்டருக்கு மேல" என்பாள். சித்திக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. "எங்கக்கா பொண்ணு மூத்திரத்துல டாக்டர் பட்டம் வாங்கறா" என்று தெருக்குழாயடியில் நின்றுகொண்டு கணீரென்று சொல்வாள். நான் முறைத்தால், "சும்மா, சும்னே சொன்னேன் போடி. பெரிய பெரிய ஆளெல்லாம் அதை அடக்கிட்டுத்தான் மேடையில உக்காந்திருக்கான்" என்பாள்.

ஒருமுறை அல்சூர் பக்கத்துத் தமிழ் அமைப்பு ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளுக்கு என் ஆராய்ச்சியைப் பற்றித் தமிழில் பேச முடியுமா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, ஆய்வுக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு அதையே தமிழில் சொல்ல ஒரு வாக்கியம்கூட வரவில்லை என்பது. அகராதிகளைப் புரட்டிச் சொற்களைத் தேடினேன். குரோத் ஃபேக்டர் என்று தினமும் புழங்குகிற பொருளுக்கு ‘வளர்ச்சிக் காரணி’ என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தியை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். அவள் மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் காரணி வருகிறது, காரணி கதவைத் தட்டுகிறது, காரணி உள்ளே போகிறது என்று சொல்லிக்கொண்டே போக, அவள் கையை நிறுத்திவிட்டு, "யாருடி அவ காரணி? ஊரு பேரு சொல்லாம அவ பாட்டுக்கு உள்ள பூந்துட்டிருக்கா" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பெண்ணின் பெயராகிவிட்டது. நான் வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு என்னா பண்ணா உன் காரணி?" என்பாள். சோதனை சொதப்பிய நாளில், "அவளுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல, விடு" என்பாள்.

பேச்சுக்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனோம். பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு ஒரு ஆட்டுச் சிறுநீர்ப்பை வேண்டியிருந்தது. கறிக்கடை பாய் நாங்கள் கேட்டதை இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லி, பிறகு "அது யாருக்கும்மா வேணும், பிஸ்மில்லான்னு சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்று தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கழுவியபோது அது உள்ளங்கையில் அடங்கிற்று, சுருங்கிய பழைய துணி மாதிரி. சித்தி அதன் வாயைக் குழாயில் பொருத்திப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இறங்க இறங்க அது உப்பியது. இதோ கிழியப்போகிறது என்று நான் நினைத்த இடத்தையெல்லாம் தாண்டி விரிந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்து, பளபளவென்று நின்றது. சித்தி குழாயை மூடிவிட்டு அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். "எம்மாந் தாங்குது பாரு" என்றாள். பிறகு மெதுவாக, "இதுதானா எங்கிட்டயும் இருக்கறது?" என்றாள். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் அதைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேடையில் நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அந்தப் பையின் உட்சுவரில், மூத்திரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற மேல் அடுக்குச் செல்கள் குடை மாதிரி விரிந்தவை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்னச் சவ்வுப் பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பை நிறைந்து சுவர் இழுபடும்போது அந்த மடிப்புகள் உள்ளிருந்து மேலே வந்து செல்லின் தோலோடு ஒட்டிக்கொள்கின்றன. தோல் பெரிதாகிறது, அதனால் கிழிவதில்லை. காலியானதும் செல் அதைத் திரும்ப விழுங்கிக்கொள்கிறது. இந்த வேலையைத் தூண்டிவிடுகிற பொருள்களில் ஒன்றுதான் வளர்ச்சிக் காரணி. வெளியிலிருந்து வரவேண்டியதில்லை; செல்லின் தோலிலேயே கட்டிவைத்த மாதிரி இருக்கும். சுவர் இழுபட்டதும் கட்டு அறுந்து, அதே தோலில் இருக்கும் ஏற்பி என்கிற கதவைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் செல் கதவையும் அவளையும் சேர்த்தே விழுங்கிவிடும். அதோடு கதை முடிவதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. செல்லுக்குள் போன பிறகும் அவள் வாய் மூடுவதில்லை. உள்ளே பயணம் செய்துகொண்டே செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் ஒரு முச்சந்தி வரும். ஒரு வழி போனால் கரைக்கும் அறை. அங்கே கதவும் அவளும் கரைந்து செய்தி அடங்கிவிடும். இன்னொரு வழி போனால் கதவு திரும்ப மேலே வந்துவிடும். மறுபடி தட்டல், மறுபடி செய்தி. அடங்க வேண்டிய இடத்தில் செய்தி அடங்காமல் போவது புற்றுநோய்ச் செல்களில் காணப்படுகிற கோளாறுகளில் ஒன்று. நாங்கள் மெல்லிய ரப்பர் சவ்வில் செல்களை வளர்த்து, அடியிலிருந்து இழுத்து, காரணிக்குப் பச்சை ஒளி ஏற்றி அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்ப்போம். இழுத்ததும் பச்சைப் புள்ளிகள் உள்ளே விரைகிற படத்தைத் திரையில் போட்டபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். முதல் வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த சித்தியும் தட்டினாள்.

அதற்கடுத்த கோடையில் சித்தியின் கால் கட்டைவிரல் நகங்களில் சுண்ணாம்பு தெரிந்தது. எங்கள் பக்கம் நீர்க்கடுப்புக்கு அதுதான் முதல் வைத்தியம். சூடு பிடித்துக்கொண்டது என்று அம்மா சொன்னாள். சூடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் வீட்டில் எல்லாமே அடங்கும்: கண் எரிச்சல், வாய்ப்புண், வயிற்று வலி, கோபம்கூட. அக்காவும் தங்கையும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது, மூத்திரம் சிவப்பாகப் போயிற்று என்பதை. படிக்கிற பெண்ணிடம் சொல்கிற விஷயமா அது என்று நினைத்தார்களாம். அதையே மைக் வைத்துக்கொண்டு பேசிவிட்டு வந்தவள்தான் அந்தப் பெண் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை. அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், இளநீர் வாங்கிக் கொடுத்தாள். ரத்தம் நின்றுவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று இருவருக்கும் திருப்தி. வரும், தானாகவே நிற்கும், வலிகூட இல்லாமல் ஒளிந்திருந்து மறுபடி வரும், அந்த நோயின் குணமே அதுதான். ஒவ்வொரு தடவை அது தானாக நின்றபோதும் இளநீருக்கும் சுண்ணாம்புக்கும்தான் பெயர் கிடைத்தது.

கட்டியாக ரத்தம் போய், மூத்திரம் அடைத்துக்கொண்டு, கார்மென்ட்ஸ் தோழி ஒருத்தி ஆட்டோவில் கொண்டுவந்து விட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "எத்தனை நாளா ரத்தம் போகுது?" என்று கேட்டார். சித்தி, "ரத்தமில்ல சார், சூடு" என்றாள். அவர் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய சுவர். அதில் ஒரு காலிஃப்ளவர் துண்டு ஒட்டியிருந்த மாதிரி இருந்தது. புற்றுநோய், தசை வரைக்கும் இறங்கிவிட்டது, பையையே எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார்கள். வயிற்றில் ஒரு துளை வைத்து அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒட்டினார்கள். இனி அவள் எதையும் அடக்க வேண்டியதில்லை, அடக்கவும் முடியாது. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அந்தப் பையை நான் காலி செய்தபோது சித்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றே சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணி குடின்னு கரடியா கத்தினேன். குடிக்காம, போகாம, அடக்கி அடக்கி இவளே வரவச்சுக்கிட்டா." அது கோபமில்லை. சுண்ணாம்பு தடவின கைக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். ஆனால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை என்றிருக்கிற வீட்டில் யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும். பேச்சுக்குப் பேச்சு பதில் கொடுத்துப் பழகிய சித்தி அடங்கிப் போனாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் என்னிடம் கேட்டாள். அவளால் குனிய முடியாது, ஸ்டூலில் உட்கார்ந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "நீ அன்னிக்கு மேடையில சொன்னியே, சுவரு இழுத்தா கட்டு அறுந்து அவ உள்ள பூந்துடுவான்னு. பச்ச பச்சயா ஓடிச்சே." ம் என்றேன். "நான் எவ்ளோ வருஷம் இழுத்திருப்பேன். அப்ப அந்தக் காரணி நான்தானா?"

என் கையில் ஈரப் புடவை. காரணம் என்ற சொல்லைக் காரணிக்குள் அவள் எப்போது கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. அம்மா சொன்னது வெறும் அங்கலாய்ப்பு; அதற்குச் சான்று கொடுத்ததுபோல் ஆகியிருந்தது என் படம். தான் பிழைப்போமா என்று அவள் கேட்கவில்லை. அதைப் பற்றி அவள் டாக்டரிடம்கூடக் கேட்கவில்லை. தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டோமா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அறிவியல்படி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்: புகை காரணம், சில சாயப் பொருள்கள் காரணம் என்று தெரியும், அடக்குவதால் இது வரும் என்று யாரும் நிறுவவில்லை, ஆனால் ஒரு தனி ஆளுக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஒரு சக ஆராய்ச்சியாளரிடம் சொல்லலாம். வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு கிளிப்பை நீட்டுகிறவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

புடவையைக் கொடியில் போட்டுவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "சித்தி, அந்த ஆட்டுப் பை ஞாபகமிருக்கா? எவ்வளவு உப்பிச்சு, கிழிஞ்சுதா?" இல்லை என்று தலையாட்டினாள். "இழுத்தா அவ உள்ள போறது கெடுக்கறதுக்கு இல்ல. மடிச்சு வச்சதெல்லாம் எடுத்து வெளிய போடு, இவ கிழிஞ்சிடப் போறான்னு சொல்றதுக்கு. எல்லார் உடம்புலயும் அதான் நடக்குது. உனக்கு டோக்கன் குடுக்காத நாளெல்லாம் அவதான் உன்னக் கிழியாம வச்சிருந்தா. நீ காரணி இல்ல சித்தி." இதில் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் வரை எல்லாம் நான் நிரூபித்துக் காட்டக்கூடியது. கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் சான்று இல்லை. எங்கே வேண்டுமானாலும் நின்று அதை மறுபடி சொல்வேன்.

சித்தி கையிலிருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "பாவம் அவ" என்றாள். யார் என்று கேட்டேன். "உன் காரணிதான். எனக்காக அவளும் ஓவர்டைம் பாத்திருக்கா." சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத உங்கம்மாகிட்டயும் சொல்லு" என்றாள். அன்று மத்தியானமே சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் வருகிறவர்களிடம் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நோய் அதற்குள் எலும்புக்குப் போயிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் சித்தி போய்விட்டாள். தொழிற்சாலையிலிருந்து அவள் வரிசைப் பெண்கள் மாலையோடு வந்து அழுதார்கள். டோக்கன் வைத்திருந்தவர் வரவில்லை. இவள் ஏன் செத்தாள், தனக்கு அதில் பங்கு உண்டா என்று ஒரு நாளாவது மாடியில் உட்கார்ந்து அவர் யாரையாவது கேட்டிருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கேள்வி அவளுக்கு மட்டும்தான் வந்தது.

நான் இன்னும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். ரப்பர் சவ்வை இழுத்தால் பச்சைப் புள்ளிகள் இன்னும் உள்ளே விரைகின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். நான் கொஞ்சம் விலகி நிற்பேன். அந்த ஆரஞ்சு பாட்டில் இப்போது திரும்ப என்னுடையது. நிறம் வெளுத்து, மூடியில் சித்தி சுற்றிய நூல் அழுக்கேறி இருக்கிறது, மாற்ற மனமில்லை. காலையில் அம்மா அதை நிரப்பிக் கையில் கொடுக்கும்போது தினமும் ஒன்று கேட்கிறாள். "அங்க போறதுக்கு விடுவாங்கல்ல?" எனக்கு அங்கே தனி அறை இருக்கிறது, என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்று எத்தனையோ தடவை விளக்கியாயிற்று. அம்மாவுக்கு அது போதவில்லை. "விடுவாங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் பாட்டிலை விடுகிறாள்.

போன வாரம் ஒரு நாள் செல் வளர்க்கும் அறையில் சாயங்காலம் வரை வேலை ஓயவில்லை. அங்கே எதையும் குடிக்கக் கூடாது. பஸ் பிடித்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பையின் கனம் உறைத்தது. அம்மா வழக்கம்போல் பையை வாங்கினாள். வாங்கின கை அப்படியே நின்றது. பாட்டிலை வெளியே எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்து வந்து, வாசலிலேயே நின்று, ஊற்றி நீட்டினாள். குடித்தேன். மறுபடி ஊற்றினாள். "போதும்மா" என்றேன். "குடி" என்றாள். நான் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் டம்ளரில் விழுந்ததா என்று பார்த்த பிறகு, "போ, போய்ட்டு வா" என்று பின்பக்கம் கையைக் காட்டினாள். நான் திரும்பி வரும்போது அம்மா தெருக்குழாயிலிருந்து ஒரு சொம்பு பிடித்து வந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.